வெள்ளைத் தூள் தேநீரின் சத்தைப் பிடித்துக்கொள்வது ஏன்?

சூயிங்கத்தின் பளீர் வெண்மை, மிட்டாயின் மேலோடு, மாத்திரைப் பூச்சு, பற்பசை எனப் பலவற்றில் சேர்க்கப்படும் வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. நிறத்துக்காகத்தான், சத்து துளியும் கிடையாது. உணவில் சேரும் இந்தத் தூளில் ஒரு பகுதி 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள்.

சிறிதாக இருந்தால் என்ன? பரப்புதான் விஷயம். ஒரே உருண்டையாக உள்ள 1 கிராமின் வெளிப்பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். அதையே 50 நானோமீட்டர் துகள்களாக்கினால் சுமார் 30 சதுர மீட்டர், ஒரு பெரிய கூடத்தின் தரையளவு! அந்தப் பரப்பிலுள்ள டைட்டானியம் அணுக்கள் பலவற்றுக்குப் பிணைப்பு முழுமையாகவில்லை. தோதான மூலக்கூறு அருகில் வந்தால் பற்றிக்கொள்ளும்.

அப்படித் தோதானவைதான் தேநீரின் கேட்டகின்களும் வெங்காயத்தின் குவெர்செட்டினும். இவற்றின் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. உடலைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்களுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்குவதில் முக்கியப் பங்கு இந்தத் தொகுதிகளுக்குத்தான். டைட்டானியம் பிடிப்பதும் இவற்றையேதான். பிடிபட்டால் அந்தத் திறன் குறையும். ஆய்வகத்தில் இது கண்ணுக்கே தெரியும்: வெள்ளைத் தூள் மஞ்சளாக மாறும்.

ஆனால் குடல் சோதனைக்குழாய் அல்ல. அங்கே புரதங்களும் துகளைப் போர்த்திக்கொள்ளும். அமிலத்தன்மையும் பிணைப்பை மாற்றும். ஒரு சூயிங்கத்தால் தேநீரே வீணாகிறது என்று பயமுறுத்துவது மிகை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் இதைத் தடைசெய்ததும் வேறு காரணத்துக்காக: மரபணுவைப் பாதிக்காது என்று உறுதிசொல்ல முடியவில்லை. அமெரிக்காவோ எடையில் 1 சதவீதம்வரை அனுமதிக்கிறது. வாங்குமுன் லேபிளில் இந்த நிறமியைக் குறிக்கும் 171 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.