பாம்பன் தீவில் கிணற்று நீர் உப்பாகாமல் காக்கும் வழி

இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவில் ஆறும் இல்லை. பாசனக் கால்வாயும் இல்லை. தங்கச்சிமடம் பகுதியில் மல்லிகை நாற்று உற்பத்தி செய்வோருக்கும், தென்னை வைத்திருப்போருக்கும், வீட்டுக் கிணற்றை நம்பியிருப்போருக்கும் மணலுக்கு அடியில் தங்கும் மழைநீரே ஆதாரம். இந்நீர் எவ்வாறு நிற்கிறது என்பதை அறிந்தால்தான் அதைக் கெடாமல் எடுக்க இயலும்.

மிதக்கும் நன்னீர்

மணலில் இறங்கும் மழைநீர், தீவின் அடியில் ஊடுருவியுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. எனவே கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டும் கலந்த பகுதி இடையில் இருப்பதால் நல்ல நீரின் ஆழம் இதனினும் குறைவு. தனுஷ்கோடியில் கடலுக்கு அருகிலேயே சில அடி தோண்டிய மணல் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான்.

இக்கணக்கு மறுபக்கமும் செல்லும். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நீடித்தால் உப்புநீர் நாளடைவில் 40 அடி உயர்ந்துவிடும். மோட்டார் வைத்து ஒரே இடத்தில் தொடர்ந்து இறைத்தால், கிணற்றின் அடியில் உப்புநீர் கூம்பு போல் மேலெழும்.

பெருகும் தேவை

1988இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டபின் தீவுக்குப் போக்குவரத்து எளிதாயிற்று. 2011 கணக்கெடுப்பில் இராமேசுவரம் நகரின் மக்கள்தொகை 44,856. யாத்திரிகர்கள் இதற்கு மேல். வீடுகளும் விடுதிகளும் பெருகும்போது மோட்டார்கள் பெருகுகின்றன; மழை இறங்கும் மணற்பரப்போ சிமெண்ட் தளத்தால் மூடப்படுகிறது. கழிவறைக் குழிகளும் கிணறுகளை நெருங்குகின்றன. நீர் குறைந்தால் கிணற்றை ஆழப்படுத்துவது உள்நாட்டு வழக்கம். தீவில் ஆழப்படுத்துவது உப்புநீரை நோக்கிச் செல்வதாகும்.

செய்ய வேண்டியவை

* ஆழ்குழாய்க் கிணறு போடுவதைத் தவிர்க்கவும். ஆழம் குறைந்த இரண்டு, மூன்று கிணறுகளை இடைவெளி விட்டு அமைத்து, மாற்றி மாற்றி இறைக்கவும்.

* சிறிய மோட்டாரைக் காலையும் மாலையும் சிறிது நேரம் மட்டும் ஓட்டவும்.

* நாற்றங்காலுக்குப் பூவாளி, தென்னைக்குச் சொட்டு நீர் ஏற்றவை. தென்னை மட்டையாலும் ஓலையாலும் மூடாக்கு இடவும்.

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தீவுக்கு முக்கிய வரவு. கூரை நீரை மணலில் இறக்கவும்; ஊரணிகளை மழைக்கு முன்பே தூர் வாரவும்.

* கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி இருக்கட்டும்.

* மழைக்கு முன்னும் பின்னும் நீரைப் பரிசோதிக்கவும். மின்கடத்து திறன் 3 டெசிசைமனுக்கு மேல் சென்றால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்நீர் ஆகாது.

கடல்நீர் புகுந்தால்

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 2004 சுனாமியின்போது தமிழகக் கிழக்குக் கடற்கரையில் பல கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. இத்தகைய நேரத்தில், உப்பை வெளியேற்றும் எண்ணத்தில் கிணற்றை இடைவிடாமல் இறைப்பது தவறு. அடியிலுள்ள உப்புநீர் மேலேறி, மீந்திருக்கும் நன்னீரும் கெடும். குப்பையையும் சேற்றையும் அகற்றி, சிறிதளவு மட்டும் இறைத்துவிட்டு, கிணற்றை மழைக்கு விட்டுவிட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் நல்ல மழை உப்பைக் கழுவி இறக்கிவிடும். அதுவரை குடிப்பதற்கு வேறு நீரையே பயன்படுத்தவும்.

ஒருவர் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடுத்தவர் கிணறும் உப்பாகும். ஆகவே ஒரு தெருவில், ஒரு தோப்பில் உள்ளவர்கள் கூடிப் பேசி இறைக்கும் நேரத்தை வகுத்துக்கொள்வது அனைவருக்கும் நலம் தரும்.