பிளேஹெட்டும் லூப்பும்: ஒலிப்பதிவு மென்பொருளில் பாட்டு சுழலும் விதம்

ஒலிப்பதிவு மென்பொருளின் திரையில் இடமிருந்து வலமாக நகரும் செங்குத்துக் கோட்டுக்குப் பிளேஹெட் என்று பெயர். டேப் காலத்துப் பெயர் இது. டேப் இயந்திரத்தில் ஹெட் அசையாது. நாடாதான் அதை உரசியபடி ஓடும். கணினியில் நாடாவும் கிடையாது, ஹெட்டும் கிடையாது. பாட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை சாம்பிள், அதாவது ஒலியலையின் எத்தனை அளவீடு, கடந்திருக்கிறது என்ற எண் மட்டும் உண்டு. நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் பதிவான பாட்டில் அந்த எண் 4,41,000 என்றால் பிளேஹெட் சரியாக 10ஆவது நொடியில் நிற்கிறது. பிளே, ஸ்டாப், ரீவைண்ட், லூப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும் பகுதியை டிரான்ஸ்போர்ட் என்பார்கள். அந்த எண் அடுத்து எங்கே போகவேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. நாடாவைப் பின்னால் சுருட்டக் காத்திருந்த காலம் போய், எந்த இடத்துக்கும் நொடியில் தாவ முடிவது இதனால்தான்.

அநேகமாக எல்லா மென்பொருளிலும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாட்டு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். நின்றபின் பிளேஹெட் எங்கே இருக்கும் என்பதில் ஆளுக்கொரு வழக்கம். ஆடாசிட்டியில் அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். நின்ற இடத்திலேயே இருக்கவேண்டுமானால் ஸ்பேஸ் பாருக்குப் பதில் எக்ஸ் விசையைத் தட்டவேண்டும். ப்ரோ டூல்ஸில் இதற்கென்றே தனியாக ஓர் அமைப்பு உண்டு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வெட்டி ஒட்டுபவருக்குத் திரும்பி வருவது வசதி. பாட்டை முழுசாகக் கேட்டுக் குறிப்பெடுப்பவருக்கு நிற்பது வசதி. ஒரு மென்பொருளில் பழகிய கை இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது இங்கேதான்.

திரையின் மேற்பகுதியில் ஓடும் அளவுகோல் இரண்டு கணக்கில் பேசும். ஒன்று நிமிடம், நொடி; மற்றொன்று பார், பீட். இரண்டையும் இணைப்பது டெம்போ. நிமிடத்துக்கு 90 பீட் என்றால் 44,100 வீதத்தில் ஒரு பீட்டுக்குச் சரியாக 29,400 சாம்பிள். டெம்போ 97 ஆனால் அதுவே 27,278.35 ஆகிவிடுகிறது. முழு எண்ணாக வராத இந்த மிச்சத்தை ஒவ்வொரு பீட்டிலும் உதிர்த்துவிட்டால் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தை விட்டு விலகும். ஆகவே பார்-பீட் கணக்கைத் தனியாக, டிக் என்ற நுண்ணிய அலகில் வைத்துக்கொள்கிறார்கள். ப்ரோ டூல்ஸில் ஒரு கால் நோட்டுக்கு 960 டிக். ஆர்டர் என்ற மென்பொருளில் ஒரு பீட்டுக்கு 1,920.

லூப் என்பது அளவுகோலில் குறித்த இரண்டு இடங்கள். பிளேஹெட் இரண்டாவது இடத்தைத் தொட்டதும் முதல் இடத்துக்குத் தாவும். 1989இல் அட்டாரி கணினிக்கு வந்த கியூபேஸ் இவற்றை இடது, வலது லொகேட்டர் என்று அழைத்தது. இன்றும் அப்படியே அழைக்கிறது. லாஜிக் மென்பொருளில் சி விசையைத் தட்டினால் லூப் அளவுகோலின்மேல் மஞ்சள் பட்டையாகத் தெரியும். குறிகளை இடம் மாற்றி, முடிவை முன்னும் தொடக்கத்தைப் பின்னும் வைத்தால் கியூபேஸிலும் லாஜிக்கிலும் வேடிக்கையான பலன் ஒன்று கிடைக்கும்: பாட்டு சுழலாது, நடுவில் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தாண்டிப்போகும். ஒரு சரணத்தை எடுத்துவிட்டால் பாட்டு எப்படி இருக்கும் என்று, எதையும் வெட்டாமலே கேட்டுப் பார்க்கலாம்.

சொல்வதற்கு எளிதான இந்தத் தாவல், செய்வதற்கு அத்தனை எளிதல்ல. கணினி ஒலியை ஒவ்வொரு சாம்பிளாக அனுப்புவதில்லை. பஃபர் எனும் கட்டுகளாக அனுப்புகிறது. கட்டுக்கு 256 சாம்பிள் என்று வைத்துக்கொள்வோம், ஏறத்தாழ 5.8 மில்லி நொடி. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தைச் சுழலவிடவேண்டும் என்றால் 4/4இல் 2 பார் குறித்தால் போதும், 8 பீட். டெம்போ 90இல் அது 2,35,200 சாம்பிள், அதாவது 918 முழுக் கட்டுகளும் மிச்சம் 192 சாம்பிளும். 919ஆவது கட்டு நிரம்ப இன்னும் 64 வேண்டும். அவற்றை லூப்பின் தொடக்கத்திலிருந்து எடுத்து ஒட்டவேண்டும். கட்டு முடியட்டும் என்று காத்திருந்து தாவினால் ஒவ்வொரு ஆவர்த்தனமும் ஒன்றரை மில்லி நொடி நீண்டு, மிருதங்கம் வாசிப்பவரோடு மெல்ல மெல்லப் பிசகும். ஒட்டுவதற்கான தொடக்கப் பகுதியும் கையில் தயாராக இருக்கவேண்டும். அந்தக் கணத்தில் வட்டிலிருந்து தேடி எடுக்க நேரம் போதாமல் போகலாம் என்பதால், முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைப்பது வழக்கம்.

ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்பது இன்னொரு தொல்லை. லூப் முடியும்போது ஒலியலை மேலே இருந்து, தொடங்கும்போது கீழே இருந்தால், ஸ்பீக்கரின் காகிதம் ஒரே தாவலாகத் தாவவேண்டியிருக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து எல்லையை நகர்த்துவது பழைய வைத்தியம். மேல்ஸ்தாயி ஒலிக்கு இது பலிக்கும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியோ 10 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் பூஜ்யத்தைக் கடக்கிறது. அதைத் தேடி எல்லையை நகர்த்தினால் தாளம் தவறும். எல்லையை அசைக்காமல், முடிவை மங்கவிட்டுத் தொடக்கத்தை அதன்மேல் எழவிடும் சில மில்லி நொடி கிராஸ்ஃபேடே மேல்.

மிடி ட்ராக்கில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே சுரம் என்பது ‘அழுத்து’, ‘விடு’ என்ற இரண்டு கட்டளை. அழுத்தும் கட்டளை லூப்புக்குள்ளும் விடும் கட்டளை வெளியிலும் விழுந்தால், அந்தச் சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் தாவும்போது நிலுவையில் உள்ள சுரங்களுக்கெல்லாம் மென்பொருளே ‘விடு’ அனுப்புகிறது. லூப்புக்கு முன்பே தொடங்கிய நீண்ட சுரம் உள்ளே வரும்போது கேட்காமல் போவதும் உண்டு. பின்னோக்கித் தேடி அதை எழுப்பும் வசதிக்கு சேஸ் என்று பெயர்.

லூப் ஓடும்போதே பதிவும் செய்யலாம். ஒவ்வொரு சுற்றும் ஒரு டேக்காக அடுக்கடுக்காகச் சேரும். பிறகு ஒன்றிலிருந்து பல்லவியின் முதல் பாதி, இன்னொன்றிலிருந்து மறுபாதி என்று பொறுக்கி எடுக்கலாம். டேப்பில் பஞ்ச்-இன் செய்தால், அதாவது ஓடும் பாட்டின் நடுவில் புகுந்து பதிந்தால், பழையது அழிந்துபோகும். இங்கே எதுவும் அழிவதில்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பாடுபவர் பெரும்பாலும் பீட்டுக்குச் சற்று முன்பே மூச்செடுத்துச் சுரத்தைத் தொட்டுவிடுவார். லூப் அந்த பீட்டிலேயே தொடங்கினால், அந்த எடுப்பு முந்தைய டேக்கின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே லூப்பை ஒரு பார் முன்னதாகத் தொடங்கவைத்து, பதிவுக்கான பஞ்ச் எல்லைகளை அதற்குள், முதல் எடுப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டுத் தனியாகக் குறிக்கிறார்கள். முன்னால் உள்ள அந்த ஒரு பாரில் பாடுபவருக்குச் சுருதியைப் பிடிக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது.