கம்பிவட உயவு

கம்பிவட உயவு என்பது வின்ச்சு, பாரந்தூக்கி, கம்பிவட ஊர்தி முதலியவற்றில் பயன்படும் எஃகுக் கம்பிவடத்தின் இழைகளுக்கிடையே எண்ணெயையோ மசகுப் பசையையோ செலுத்தி, உராய்வினால் ஏற்படும் தேய்மானத்தையும் துருவையும் தடுக்கும் பராமரிப்புப் பணி ஆகும். பேச்சு வழக்கில் இவ்வடம் 'ரோப்பு' எனவும், இப்பணி 'கிரீஸ் வைத்தல்' எனவும் வழங்கப்படுகின்றன. இவ்வழக்கு ஒரு தவறான எண்ணத்துக்கும் இடமளிக்கிறது. வடத்தின் மேற்புறத்தில் கிரீஸ் பளபளத்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் வடம் பல நேரங்களில் உள்ளிருந்தே கெடுகிறது. எனவே எண்ணெய் நடுப்புரி வரை சென்று சேர்வதே உயவின் நோக்கமாகும்.

வடத்தின் அமைப்பு

மெல்லிய எஃகு இழைகள் பல முறுக்கப்பட்டு ஒரு புரியாகின்றன. அத்தகைய புரிகள் ஒரு நடுப்புரியைச் சுற்றி முறுக்கப்பட்டு வடமாகின்றன. பரவலாகப் பயன்படும் 6x19 வகை வடத்தில் ஒவ்வொன்றும் 19 இழைகள் கொண்ட 6 புரிகள், அதாவது நடுப்புரி நீங்கலாக 114 இழைகள் உள்ளன. வடம் கப்பியின் மீது வளையும்போது இவை ஒன்றன்மீது ஒன்று சிறிதளவு வழுக்கிச் செல்கின்றன. ஆகவே கம்பிவடத்தைக் கயிறு என்பதைவிட, 114 அசையும் உறுப்புகளைக் கொண்ட ஓர் இயந்திரம் என்பதே பொருத்தம்.

நடுப்புரி எஃகாலோ நாராலோ ஆனது. கற்றாழை நார் போன்றவற்றாலான நடுப்புரி, தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஊறவைக்கப்படுகிறது. பாரம் ஏறும்போது புரிகள் அதை நெருக்க, எண்ணெய் கசிந்து இழைகளை நனைக்கிறது. நாளடைவில் இந்த எண்ணெய் தீர்ந்துவிடும். உலர்ந்த நார் பிறகு மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அதன்பின் துரு உள்ளிருந்து தொடங்குவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

கம்பிவடத்தை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் செருமனியின் ஆர்சு மலைச் சுரங்கங்களில் பணியாற்றிய வில்லெம் ஆல்பர்ட்டு ஆவார். 1834ஆம் ஆண்டு அவர் செய்த வடத்தில் நான்கு இழைகள் கொண்ட மூன்று புரிகள் இருந்தன.

தேனி மாவட்டத்தில் கம்பிவடம்

இம்மாவட்டத்தில் கம்பிவடப் போக்குவரத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, டாப் ஸ்டேசனிலிருந்து போடிநாயக்கனூர் வட்டத்திலுள்ள கொட்டகுடிக்கு இறங்கிய வடவழி ஆகும். மூணாறு மலைத்தோட்டங்களில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேசனை அடைந்தது. இப்பாதை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாக அமைக்கப்பட்டு, 1908இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கி.மீ. தூரம் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் வண்டிகளில் போடிநாயக்கனூர் சென்றன. 1924ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் இருப்புப்பாதை அழிந்தது. இத்தகைய மலை வடவழிகளில் வடத்தின் ஒரு பகுதி மூடுபனியிலும் மறுபகுதி அடிவார வெயிலிலும் கிடக்கும். குளிரில் கெட்டியாகும் பசை வெயிலில் உருகி வழிவதால், இரண்டுக்கும் ஒத்த உயவுப்பொருளைத் தேர்வது எளிதன்று.

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் கம்பிவடத்தை அதிகம் காணக்கூடிய இடம் பாசனக் கிணறு ஆகும். கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் தூர் வாரவும் எஞ்சின் பொருத்திய கிரேன்கள் பயன்படுகின்றன. வடத்தின் முனையில் கட்டிய தொட்டி மண்ணையும் பாறைத் துண்டுகளையும் மேலே கொண்டுவருகிறது. அது ஏறி இறங்கும்போதெல்லாம் கீழே ஆட்கள் நிற்கின்றனர். ஆகவே இங்கு வடத்தின் பராமரிப்பு கிணற்றின் அடியில் நிற்பவரின் உயிரைப் பொறுத்த விடயமாகும்.

பள்ளத்தாக்கின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பலத்த காற்று புழுதியைக் கிளப்புகிறது. தடித்த கிரீசில் புழுதி ஒட்டினால் அது சாணைப் பசை போல இழைகளை அராவும். எனவே அம்மாதங்களில் உட்புகும் தன்மையுள்ள மெல்லிய எண்ணெயும் அடிக்கடித் துப்புரவு செய்வதும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி பிறக்குமுன்பே, மெல்லிய எண்ணெயின்மீது நீரை விலக்கும் தடித்த பூச்சு ஒன்றைக் கூடுதலாக இடலாம்.

செய்முறை

முதலில் பழைய பசையையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் அகற்ற வேண்டும். அழுக்கின்மீது புதிய பசை பூசுவது ஈரத்தை உள்ளே அடைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். மண்ணெண்ணெய் அல்லது டீசலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். வடத்தை அதில் ஊறவைத்தால் நடுப்புரியின் எண்ணெயும் கரைந்துவிடும். துடைத்தபின் வடம் நன்கு உலர வேண்டும்.

எண்ணெயிட ஏற்ற இடம், வடம் கப்பியின்மீதோ உருளையின்மீதோ வளையும் இடம் ஆகும். அங்கு புரிகள் சற்று விரிந்து எண்ணெய்க்கு வழிவிடுகின்றன. பாரமின்றி, மிக மெதுவாக இயக்கி, தூரிகையாலோ சொட்டு முறையாலோ எண்ணெயிடலாம். ஓடும் வடத்தைக் கையால் பிடித்துத் துடைக்கக்கூடாது. அறுந்த இழை கையுறையைக் கவ்வி, கையை உருளைக்குள் இழுத்துவிடும்.

எஞ்சினிலிருந்து வடித்த 'வேஸ்ட் ஆயில்' செலவின்றிக் கிடைப்பதால் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. அதில் அமிலங்களும் உலோகத் துகள்களும் கலந்திருப்பதால், அது காக்க வேண்டிய வடத்தையே அரிக்கும்.

மிகையான உயவும் எல்லா இடத்திலும் நன்றன்று. கம்பிவட ஊர்திகளில் வடம் பெரிய சக்கரத்தின்மீது உராய்வினால் இழுக்கப்படுவதால், வழுக்கும் பசை அங்கு ஆபத்தானது. அவற்றுக்கெனத் தனி உயவுப்பொருட்கள் உள்ளன. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் உள்ள பழனி மலைக்கோயிலின் ரோப் கார், மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கொருமுறை பல நாட்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது.

முனைகளும் கழிப்பும்

வடத்தின் முனைப்பகுதி தனிக் கவனத்துக்குரியது. கிளிப்புகளும் பிடிகளும் நீரைத் தேக்குகின்றன. உயவுத் தூரிகையும் அங்கு எட்டுவதில்லை. 2021 மே 23 அன்று இத்தாலியின் மொட்டரோன் மலையில் கம்பிவட ஊர்தி ஒன்றின் இழுவடம் அதன் முனைப்பிடிப்புக்கு அருகில் அறுந்தது. அவசரத் தடையும் முன்னரே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்ததால் 14 பேர் உயிரிழந்தனர். கிணற்றுக் கிரேனில் தொட்டியை ஒட்டிய சில அடி நீளம் நாள்தோறும் சேற்றில் தோய்கிறது. கிளிப்புகளைக் கழற்றி அப்பகுதியை அவ்வப்போது வெட்டிவிட்டு, முனையைப் புதிதாகக் கட்டுவது செலவு குறைந்த காப்பு.

கெட்ட வடத்தை உயவு மீட்காது. பாரந்தூக்கிகளுக்கான அமெரிக்க விதிகளின்படி, பொதுவான இயங்கு வடத்தில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் 6 இழைகளோ, ஒரே புரியில் 3 இழைகளோ அறுந்திருந்தால் வடம் கழிக்கப்பட வேண்டும். விட்டம் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தாலும் அவ்வாறே. இந்தியாவில் கம்பிவடங்களின் தேர்வு, பொருத்தல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஐ.எசு. 3973 என்னும் நெறிமுறை உள்ளது. இழை எதுவும் அறாமல் விட்டம் மட்டும் குறைவது, நடுப்புரி நைந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கிரீஸ் பூச்சு இக்குறைவை மறைப்பதால், துடைத்த பின்னரே கேலிப்பரால் அளக்க வேண்டும்.