செயலிக் கட்டமைப்புகளின் போட்டி

செயலிக் கட்டமைப்பு என்பது ஒரு கணினிச் செயலி எந்தெந்தக் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் என்பதை வரையறுக்கும் அமைப்பு ஆகும். இக்கட்டளைகளின் தொகுப்பு கட்டளைத் தொகுதி எனப்படும். ஒரு கட்டமைப்புக்கெனத் தொகுக்கப்பட்ட நிரல் மற்றொன்றில் நேரடியாக இயங்காது. ஆகவே, கட்டமைப்புகளுக்கு இடையிலான போட்டி வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. எந்த மென்பொருள்கள் இயங்கும், செயலியை உருவாக்கும் உரிமை எவருக்கு உண்டு என்பனவும் அதில் அடங்கும்.

முதன்மைக் கட்டமைப்புகள்

- எக்ஸ்86: 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 செயலியில் தொடங்கியது. மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவியது. இன்டெல், ஏ.எம்.டி. முதலிய மிகச் சில நிறுவனங்களே இச்செயலிகளை உருவாக்குகின்றன.
- ஆர்ம்: இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனத்தில் 1985இல் முதற் சில்லு உருவானது. குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் நகர்பேசிகளில் நிலைபெற்றது. பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்தி இதனைப் பயன்படுத்துகின்றன.
- மிப்ஸ்: 1980களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து தோன்றியது.
- ரிஸ்க்-ஃபைவ்: 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கப்பட்டது. இதன் கட்டளைத் தொகுதியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

கடலூர், சிதம்பரம் உட்படத் தமிழகமெங்கும் மாணவர்களுக்கு 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் எக்ஸ்86 வகையைச் சார்ந்தவை. அம்மாணவர்களின் நகர்பேசிகளில் இருப்பதோ பெரும்பாலும் ஆர்ம் செயலி. இவ்விரண்டிலும் ஒரே இயங்குதளம் இருந்தாலும், ஒன்றின் நிரலை மற்றொன்றில் இயக்க அதன் மூலநிரலை மீண்டும் தொகுக்க வேண்டும். அல்லது கட்டளைகளை மாற்றித்தரும் இடைநிலை மென்பொருள் வேண்டும்.

கையடக்க ஆட்டக் கருவிகள்

நின்டென்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் (2001), டி.எஸ். (2004) ஆகியவை ஆர்ம் செயலிகளைக் கொண்டிருந்தன. சோனியின் பி.எஸ்.பி. (2004) மிப்ஸ் செயலியில் இயங்கியது. அதன் வழிவந்த வீட்டா (2011) ஆர்முக்கு மாறியது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் (2022) எக்ஸ்86 செயலியைக் கொண்டது. மேசைக்கணினிகளுக்காக முன்னரே எழுதப்பட்ட ஆட்டங்கள் பலவற்றை இயக்க இத்தேர்வு உதவியது. மின்கலச் சிக்கனத்தைப் போலவே பழைய மென்பொருள்களின் இருப்பும் கட்டமைப்பைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

சக்தி செயலி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கப்பட்ட சக்தித் திட்டம், ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் திறந்த மூலச் செயலிகளை வடிவமைக்கிறது. 2018இல் இதன் ரைஸ்கிரீக் சில்லு 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கப்பட்டது. அதனை உருவாக்கித் தந்தது எக்ஸ்86இன் உரிமையாளரான இன்டெலின் ஆலையே என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ரிமோ என்னும் சில்லு சண்டிகரில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டது. 2025இல் இஸ்ரோவுடன் இணைந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சில்லு உருவாக்கப்பட்டது.

22க்கும் 180க்கும் உள்ள இடைவெளி இத்துறையின் முதன்மைச் சிக்கலைக் காட்டுகிறது. திறந்த கட்டமைப்பினால் வடிவமைக்கும் உரிமை கிடைக்கிறது. ஆயினும் நுண்ணிய சில்லுகளை உருவாக்கும் ஆலைகளும், அவற்றில் இயங்கும் மென்பொருள்களும் தனித்தனியே வளர்க்கப்பட வேண்டியவை.