‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பல்பொருண்மை: ஓடுதல், நடத்தல், இயக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகப் பரவலாக வழங்கும் எளிய சொற்களுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. ‘ஓடு’ என்பதே அதன் பொருள் எனப் பள்ளிப் பருவத்தில் கற்பிக்கப்படினும், பேரகராதிகள் அதற்கு நூற்றுக்கணக்கான பொருள்களைப் பதிவு செய்கின்றன. இப்பொருள்கள் கிளைத்த முறை, அவற்றைத் தமிழ் பல்வேறு வினைகளாகப் பகுத்து வழங்கும் பாங்கு, உரிய பொருளைத் தேர்வதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் நெறியின் பயன்பாடு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என நிகரன் தரும் முறை மொழிபெயர்ப்பில் பொருட்பிழைக்கு இடமளிக்கும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பல்பொருண்மை, ரன், தன்வினை, பிறவினை, கிளவியாக்கம், அகராதியியல், மொழிபெயர்ப்பு

முன்னுரை

அருஞ்சொல்லே மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்தும் என்பது பொதுவான எண்ணம். நடைமுறை வேறாக உள்ளது. அருஞ்சொல் ஒன்று எதிர்ப்படும்போது மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுகிறார், ஐயம் தெளிகிறார். எளிய சொல் எதிர்ப்படும்போது ஐயமே எழுவதில்லை. தெரிந்த சொல் என்னும் துணிவில் முதற்பொருளை இட்டுச் செல்வதால் பிழை நேர்கிறது. கலைச்சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருள் குறித்தனவாக அமைய, அன்றாடச் சொற்களே பல பொருள் குறித்தனவாக அமைகின்றன. எனவே பல்பொருண்மையை ஆராய்வதற்கு எளிய சொல்லே தக்க களமாகும்.

அகராதியில் ‘ரன்’

1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவாக அமைந்தது ‘செட்’ என்னும் சொல். அதன் வினை வடிவத்திற்கு மட்டும் 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. பின்னர் மேற்கொள்ளப்பட்ட திருத்தப் பணியில் அவ்விடத்தை ‘ரன்’ பெற்றது. அவ்வகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்து அப்பதிவைத் திருத்தினார். அதன்படி ‘ரன்’ என்னும் வினைக்கு உரிய பொருள்கள் 645 ஆகும். பெயர்ச்சொல்லாக வரும்போது அது தரும் பொருள்கள் இவ்வெண்ணிக்கையில் அடங்கா.

இவ்வெண்ணிக்கையைக் கொண்டு ஆங்கிலம் தெளிவற்ற மொழி என முடிவு கட்டுதல் பொருந்தாது. அகராதி பிரித்துக் காட்டும் பொருள்களுட் பல, சொல் பயிலும் சூழலால் தோன்றியவை. ஆங்கிலம் பேசுவோர் ஒவ்வொரு முறையும் 645 பொருள்களுள் ஒன்றைத் தேடி எடுப்பதில்லை. உடன்வரும் சொற்களே பொருளை வரையறுத்துவிடுகின்றன.

இரு வினைகள் ஒன்றானமை

‘ரன்’ இத்துணைப் பொருள்களைப் பெற்றமைக்குச் சொல்வரலாறு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுதலைக் குறித்த வினை ஒன்று இருந்தது. ஓடச் செய்தலைக் குறித்த வினை மற்றொன்று இருந்தது. பழைய நார்ஸ் மொழியின் தாக்கமும் சேர, காலப்போக்கில் இவை ஒரே வடிவத்தில் கலந்தன. இதே மூலத்திலிருந்து வந்த இரு வினைகளை ஜெர்மன் மொழி இன்றும் தனித்தனியே வழங்குகிறது. அங்கு ‘ரின்னன்’ நீர் ஒழுகுதலைக் குறிக்கிறது. பிறவினையாகத் தோன்றிய ‘ரென்னன்’ இன்று விரைந்து ஓடுதலைக் குறிக்கிறது.

தமிழில் இவ்வேறுபாடு ‘ஓடு’, ‘ஓட்டு’ என வடிவத்திலேயே புலப்படுகிறது. குதிரை ஓடுகிறது என்பது தன்வினை. குதிரையை ஓட்டுகிறான் என்பது பிறவினை. ஆங்கிலத்தில் வடிவம் மாறாமையால், செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே இவ்விரண்டும் பிரித்தறியப்படுகின்றன. ஆகவே ‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’ என ஒரே நிகரன் தரும் சிற்றகராதி, தொடக்கத்திலேயே அச்சொல்லின் ஒரு பாதியை விட்டுவிடுகிறது.

மையப்பொருளும் கிளைப்பொருளும்

‘ரன்’ குறிக்கும் பொருள்களுட் பெரும்பாலானவை ஒன்றோடொன்று உறவுடையவை. கால்களால் விரைந்து செல்லுதல் என்னும் மையத்திலிருந்து விரைவு, இடையறாமை, ஒரு தடத்தில் செல்லுதல், கட்டுமீறிப் பரவுதல் முதலிய கூறுகள் தனித்தனியே பிரிந்து புதிய பொருள்களை ஈன்றுள்ளன.

நதி, குழாய் நீர், மூக்கு ஆகியவற்றோடு வரும்போது ஒழுகுதற்பொருள் மேலோங்குகிறது. ஆடையின் சாயத்தோடு வரும்போது கட்டுமீறிப் பரவுதல் மேலோங்குகிறது. சாலை, வேலி ஆகியவற்றோடு வரும்போது இயக்கமே இல்லை. நீண்டு கிடக்கும் கிடப்பு மட்டுமே குறிக்கப்படுகிறது. ஒப்பந்தம் ஐந்தாண்டு ‘ரன்’ ஆகிறது என்னுமிடத்து இடநீட்சி காலநீட்சியாகிறது. நாடகம் தொடர்ந்து மேடையேறுதலும், ஒரே முறையில் அச்சிடப்படும் படிகளின் தொகையும், சீட்டாட்டத்தில் வரிசையாக அமையும் சீட்டுகளும் ‘ரன்’ எனப்படுவதற்கு இடையறாமையே அடிப்படை.

கிளைப்பொருள் மூலப்பொருளைத் துறந்துவிடுவதும் உண்டு. கிரிக்கெட்டில் ‘ரன்’ என்பது மட்டையாளர் இருவர் இடம் மாறி ஓடுதலால் பெறும் எண்ணிக்கை. ஆயினும் பந்து எல்லைக்கோட்டைத் தொடும்போது மட்டையாளர் ஓடாமலே நான்கு ‘ரன்’ சேர்கிறது. வைப்பாளர்கள் ஒரு வங்கியின்மீது நம்பிக்கை இழந்து பெருந்திரளாகப் பணத்தை எடுக்க முற்படுதலும் ‘ரன்’ எனப்படும். 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின்முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர்; அந்நிகழ்வும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டது. நிற்பவர்களைக் குறிக்க ஓடுதற்சொல் வருவது, கிளைப்பொருள் தன் மூலத்திலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதற்குச் சான்று.

தமிழின் பகுப்பு

தமிழ் ‘ஓடு’ என்பதும் கிளைப்பொருள் பல உடையதே. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, மனத்தில் எண்ணம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. இவ்விடங்களில் இரு மொழிகளும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. இவ்வொற்றுமையே பிற இடங்களிலும் ‘ஓடு’ பொருந்தும் என்னும் மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது, சாலை செல்கிறது, ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, நாளிதழ் செய்தியை வெளியிடுகிறது, கையிருப்பு தீர்ந்துபோகிறது. இவற்றுள் எதற்கும் ‘ஓடு’ பொருந்தாது.

பிறவினைப் பொருளில் வேறுபாடு இன்னும் ஆழமானது. ஆங்கிலம் ‘ரன்’ என்னும் ஒரு வினையால் குறிப்பதைத் தமிழ் குறைந்தது மூன்று வினைகளால் குறிக்கிறது. வண்டியை ஓட்டுகிறோம்; கணினி நிரலையும் பொறியையும் இயக்குகிறோம்; பள்ளி, கடை, இதழ், ஆட்சி ஆகியவற்றை நடத்துகிறோம். போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகளை இயக்குகிறது. தனியார் ஒருவர் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறார். ஆங்கிலத்தில் நிறுவனங்கள் ஓட, தமிழில் அவை நடக்கின்றன. ஒரே பேருந்தில் பணிபுரியும் இருவரை ஓட்டுநர், நடத்துநர் எனப் பெயரிட்டு வழங்குவதிலும் இவ்விரு வினைகளின் எல்லை தெளிவாகவே பேணப்படுகிறது.

இவ்வெல்லையை மீறும்போது பொருள் திரிகிறது. தமிழ் வழக்கில் ‘காலத்தை ஓட்டுதல்’, ‘குடும்பத்தை ஓட்டுதல்’ என்பன இடர்ப்பாட்டுக்கிடையே எவ்வாறோ சமாளித்தலைக் குறிக்கும். ஒரு பெண்மணி குடும்பத்தையும் நிறுவனத்தையும் திறம்பட நிருவகிப்பதாக ஆங்கில மூலம் கூறுமிடத்து, ‘ரன்’ என்பதை ‘ஓட்டுகிறார்’ எனப் பெயர்த்தால் பாராட்டு இரக்கமாக மாறிவிடும். சொல் அகராதிப்படி சரியாக இருந்தும் தொடர் பிழைபடுவதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மறுதலையாக, ஆங்கிலம் தொடராகக் கூறுவதைத் தமிழ் ஒரு சொல்லில் அடக்குவதும் உண்டு. புதிய தேரையோ கலத்தையோ முதன்முதலில் ஓட்டிப் பார்த்தலைக் குறிக்கும் ‘வெள்ளோட்டம்’ இன்று மென்பொருள் முதலிய புதியவற்றின் சோதனைக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. ‘சோதனை ஓட்டம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் இவ்வழக்கை மறந்துவிடுகின்றனர்.

கிளவியாக்கம் காட்டும் நெறி

பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தமிழ் இலக்கண மரபு தொன்றுதொட்டே எண்ணிப் பார்த்துள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கம் அத்தகு சொற்களை வினை வேறுபடுவன, வினை வேறுபடாதன என இருவகைப்படுத்துகிறது. முன்னதன் பொருளை வேறுபட்ட வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லை இதற்கு எடுத்துக்காட்டுவர். மா பூத்தது எனின் மரமென்றும், மா கனைத்தது எனின் குதிரையென்றும் வினை காட்டிவிடும். ‘மா வீழ்ந்தது’ எனின் வினை துணைசெய்யாது; அங்குப் பேசுவோர் மாமரம் என்றோ மாவாகிய விலங்கு என்றோ வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

இந்நெறி பெயர்ச்சொல்லை முன்வைத்துக் கூறப்பட்டது. வினைச்சொல்லே பல பொருள் தரும் ‘ரன்’ போன்றவற்றுக்கு இதனைத் திருப்பிக் கொள்ளலாம். பெயரின் பொருளை வினை காட்டுவது போல, வினையின் பொருளை எழுவாயும் செயப்படுபொருளும் காட்டும். சாயம் எழுவாயாயின் பரவுதல். நிறுவனம் செயப்படுபொருளாயின் நடத்துதல். இனம் என்பதை உடன்வரும் ஒருதுறைச் சொற்களாகக் கொள்ளலாம்: விக்கெட், ஓவர் ஆகியவற்றோடு வரும் ‘ரன்’ கிரிக்கெட்டுக்கு உரியது, படி, பதிப்பு ஆகியவற்றோடு வருவது அச்சுத்தொழிலுக்கு உரியது. இவ்விரண்டாலும் தெளியாவிடத்துச் சார்பு துணையாகிறது. மூன்றாலும் தெளியாத தொடர்களும் உள. ஒருவருக்கு நல்ல ‘ரன்’ வாய்த்தது என்னும் தொடர் ஓட்டப் பயிற்சியையோ தொடர் வெற்றியையோ நீண்ட பதவிக்காலத்தையோ குறிக்கக்கூடும். இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பொருளை வெளிப்படக் கூறுதலே கிளவியாக்கம் உடன்படும் முறை.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில மொழியியலறிஞர் ஜே. ஆர். ஃபிர்த், சொல்லின் பொருளை ஆராய்வதில் உடன்வரும் சொற்களுக்கு முதன்மை அளித்தார். அக்கொள்கையும் கிளவியாக்க நெறியும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவை. எனினும் பொருள் தெளியும் வழியைத் தனிச்சொல்லுக்கு வெளியே தேடுவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நிலமும் வழக்கும்

சார்பின் இன்றியமையாமையை வட்டார வழக்குகள் நன்கு விளக்குகின்றன. தேர்தலில் போட்டியிடுதலை அமெரிக்க ஆங்கிலம் ‘ரன்’ என்னும் வினையால் குறிக்க, பிரிட்டானிய ஆங்கிலம் நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்டாண்ட்’ என்பதையே பெரிதும் கொள்கிறது. தமிழில் வேட்பாளர் தேர்தலில் ‘நிற்கிறார்’ என வழங்குவது பிரிட்டானிய வழக்கோடு ஒத்துள்ளது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடு மாடு மேய்க்கும் பரந்த நிலப்பரப்பு ‘ரன்’ எனப்படும்.

அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கு ‘ரன்’ என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861ஆம் ஆண்டு ஜூலையில், வர்ஜீனியாவில் நிகழ்ந்த ‘புல் ரன்’ போர் அங்குள்ள ஓடையின் பெயரால் வழங்குவது. இச்சார்பை அறியாதார் அதனைக் காளை ஓட்டத்தோடு தொடர்புபடுத்தக்கூடும். ‘ஓடை’ என்னும் தமிழ்ச்சொல்லும் ஓடுதலோடு இயைந்து நிற்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

அகராதியியலுக்கு ஒரு படிப்பினை

உறவுடைய பல பொருள்களையும், வடிவத்தால் மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களையும் பிரித்தறிதல் அகராதியாளர் கடமை. ஓடுதலைக் குறிக்கும் ‘ஓடு’, கூரை ஓட்டைக் குறிக்கும் ‘ஓடு’, உருபாகிய ‘ஓடு’ ஆகியன ஒலியால் ஒன்றாயினும் தனித்தனிச் சொற்கள். ‘ரன்’ வினையின் பொருள்களோ ஒரே குடும்பத்தவை. சேந்தன் திவாகரத்தின் பதினோராம் தொகுதி ஒரு சொல் குறிக்கும் பல பொருள்களைத் தொகுத்துத் தந்தது. பொருள்களுக்கிடையிலான உறவைக் காட்டுதல் நிகண்டின் நோக்கமன்று. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்து, சொல் பயிலும் சூழலைப் புலப்படுத்தியது.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளுக்கும் இம்முறை தேவை. ‘ரன்’ என்பதன் எதிரே ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு, ஒழுகு என நிகரன்களை அடுக்குவது மாணவருக்குப் பயன்தராது. எந்த எழுவாயோடு எது, எந்தச் செயப்படுபொருளோடு எது என்பதே அவர் அறிய வேண்டியது. மொழிபெயர்ப்பு வகுப்புகளிலும் ஒரே ஆங்கில வினை பயிலும் பத்துத் தொடர்களைத் தந்து, பத்துக்கும் உரிய தமிழ் வினைகளைத் தேரச் செய்யும் பயிற்சி, சொற்பட்டியலை மனனம் செய்வதினும் பயன் மிக்கது.

முடிவுரை

ஓட்டு, நடத்து, இயக்கு என்னும் வேறுபாடு ஆங்கிலத்தின் ‘ரன்’ என்னும் வினைக்குள் மறைந்து கிடக்கிறது. தமிழில் அது வெளிப்பட நிற்கிறது. ஆங்கில மூலத்தின் ஒருமையை அவ்வாறே பெயர்க்க முயன்றால், தமிழ் தன் சொற்களால் பேணிவந்த இவ்வேறுபாடு மங்கும். நிறுவனத்தை நடத்துவோரும் நாளை ஓட்டுவோரும் ஒரே வினைக்குள் அடங்கிவிடுவர். எளிய சொல்லின் எதிரிலும் அதன் வினை, இனம், சார்பு ஆகியவற்றை நோக்கிய பின்னரே நிகரனைத் தேர்தல் வேண்டும். தொல்காப்பியம் கூறிய இந்நெறி இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கும் அகராதியாளருக்கும் நடைமுறைக் கருவியாகவே பயன்படுகிறது.