மனைக்கு முன்னால் வர வேண்டிய வரைபடம்

கூடுவாஞ்சேரியிலோ திருநின்றவூரிலோ மனை பார்க்கப் போகிறவரிடம் புரோக்கர் முதலில் சொல்லும் சொல் 'அப்ரூவ்டு'. சிஎம்டிஏ அப்ரூவ்டு, டிடிசிபி அப்ரூவ்டு, பேங்க் லோன் உண்டு. வாங்குகிறவர் பட்டாவைப் பார்ப்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், எத்தனை அடியில் தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் கேட்பார். அந்த சர்வே எண்ணுக்கு முழுமைத் திட்டத்தில் என்ன நிறம், எதிரே கிடக்கும் காலி நிலத்தில் நாளை என்ன வரலாம், வாசலில் இருக்கும் 20 அடித் தெருவை எத்தனை அடியாக்கத் திட்டம் என்பதையெல்லாம் பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஆயுள் முழுக்கக் கட்டப்போகும் கடனுக்கு வாங்கும் வீட்டின் மதிப்பையும், ஐப்பசி கார்த்திகையில் அதற்குள் வெள்ளம் வருமா என்பதையும் பெருமளவு முடிவு செய்வது அந்த வரைபடம்தான்.

சென்னைக்கு இப்போது அந்த வரைபடத்தைப் புதுப்பிக்கும் காலம். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான, அதாவது 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், நாம் சொல்லும் சிஎம்டிஏவின், பொறுப்பு. இதை அதிகாரிகளும் கட்டுநர்களும் மட்டும் பேசித் தீர்க்கும் காரியமாக நாம் விட்டுவிடக் கூடாது.

முழுமைத் திட்டம் என்பது அடிப்படையில் நிலத்துக்கு விதி எழுதுவது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என ஏதாவது ஒரு வகைக்குள் வரும். அந்த வகையில் என்ன கட்டலாம் என்பதைத் திட்டமும், எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்எஸ்ஐ என்ற தளப்பரப்புக் குறியீடும் சொல்லும். எஃப்எஸ்ஐ 2 என்றால் ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 ஆக இருந்த இந்த அளவு, 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆனது. உயரமான அடுக்குமாடிகளுக்கு 3.25. கேட்க சின்ன எண்ணாக இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை குடும்பம், எத்தனை வண்டி, எவ்வளவு கழிவுநீர் என்பதெல்லாம் இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. எண் உயர்ந்த தெருவில் சாக்கடைக் குழாயின் விட்டமும் கூடவே உயர்ந்ததா என்று கேட்க வேண்டியது நாம்.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஜார்ஜ் டவுனுக்குள் நெரிந்துகொண்டிருந்த கொத்தவால் சாவடியை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், வெளியூர் பேருந்துகள் பாரிமுனைக்குள் வரக் கூடாது, மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணை நகரங்களை வளர்க்க வேண்டும் என்று சொன்ன திட்டம் அது. 1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-இல் பேருந்து நிலையமும் அங்கே வந்தது. சொன்னதைச் செய்ய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது, ஆனாலும் நடந்தது.

அடுத்த திட்டம் வர 33 ஆண்டுகள் ஆயின. நடுவில் தொண்ணூறுகளில் ஒரு வரைவு தயாராகி, நடைமுறைக்கு வராமலேயே போனது. அந்த இடைவெளியில்தான் சென்னை தலைகீழாக மாறியது. தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அவற்றின் பின்னால் அடுக்குமாடிகள் வந்தன. இரண்டாவது திட்டம் 2008-இல் வந்தபோது அந்தச் சாலை முழு நகரமாகிக்கொண்டிருந்தது. திட்டம் அங்கே வழி காட்டவில்லை, நடந்துவிட்டதைப் பதிவு செய்தது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வருவதற்கு முன்பே மக்கள் வந்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பகுதியின் பல குடியிருப்புகள் தண்ணீர் லாரியையும் கழிவுநீர் லாரியையும் நம்பித்தான் நடக்கின்றன. சிறுசேரி வரை போகும் மெட்ரோ ரயிலுக்கு 20 ஆண்டுகள் கழித்துத் தூண்கள் எழுந்தன.

திட்டம் பிந்தினால் அதன் இடத்தில் வரன்முறைப்படுத்தல் வந்து உட்காரும். விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் தர 1998-இல் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு 2012-இல் 113-சி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மனைப்பிரிவுகளுக்கும் 2017-இல் ஒரு திட்டம் வந்தது. விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்றவர் பணத்தோடு போய்விட்டார். சேமிப்பைக் கொட்டி வாங்கிய குடும்பம்தான் மேம்பாட்டுக் கட்டணமும் கட்டி, அலுவலகப் படிகளும் ஏறியது. திட்டமின்மையின் செலவு எப்போதும் கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

தண்ணீரின் இடம்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 6,000 ஹெக்டேர் பரந்து கிடந்ததாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் இங்கே வந்து தேங்கி, பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். மிச்ச 5,000 ஹெக்டேருக்கு மேல் என்ன ஆயின? குடியிருப்பு, சாலை, ரயில் பாதை, அரசு நிறுவனங்கள், கல்லூரிகள், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஓர் அலுவலகத்தின் அனுமதி இருந்தது என்பதுதான் வேதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியில் நின்ற தண்ணீர் வழி தவறி வரவில்லை.

இரண்டாவது திட்டம் பள்ளிக்கரணையை வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதியாகக் குறித்தது. நல்ல காரியம், ஆனால் கோட்டுக்கு வெளியே தொடங்கும் நிலம் எவ்வளவு தூரத்துக்கு அந்தச் சதுப்போடு நீரால் பிணைந்திருக்கிறது என்பதை அது வரையறுக்கவில்லை. 2022-இல் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025-இல் உத்தரவிட்டது. உடனே வீடு கட்டக் காத்திருந்தவர்களும் கட்டுநர்களும் தவித்தார்கள். அந்தத் தவிப்பு உண்மையானது. வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டு, அந்தக் கோட்டை முழுமைத் திட்டமே முன்கூட்டி வரைந்திருந்தால் நீதிமன்றம் வரைய வேண்டியிருக்காது. மூன்றாவது திட்டத்தை நான் மதிப்பிடப்போகும் முதல் அளவுகோல் இதுதான்: ஏரிக்கும் ஓடைக்கும் மட்டுமல்ல, அவை பெருகும்போது எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் அதில் ஒரு நிறம் இருக்கிறதா?

சாலை ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில்

நிலத்தின் திட்டமும் போக்குவரத்தின் திட்டமும் ஒன்றாக எழுத வேண்டியவை. எங்கே வீடு, எங்கே வேலை என்று முடிவு செய்த அந்தக் கணமே, காலையில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போவார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது. சென்னையில் இவை வேறு வேறு துறைகளில், வேறு வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டன.

கண்ணகி நகரைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை 2000-இலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீடு கொடுத்த திட்டத்தில் வேலைக்குப் போகும் வழி இல்லை. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண்ணுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருவதில் சம்பளமும் பொழுதும் கரைந்தன; பலர் வேலையையே விட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி நின்றது. நிலம் மலிவாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த கோப்பில், அந்தப் பெண்ணின் பயணச் செலவு எந்தப் பத்தியிலும் வரவில்லை.

கிளாம்பாக்கத்திலும் வரிசை தவறியது. 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் திறந்தபோது அதை ஒட்டி ரயில் நிலையம் தயாராகவில்லை, விமான நிலையத்திலிருந்து மெட்ரோவும் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடிகாலையில் மூட்டை முடிச்சோடு இறங்கிய முதியவர்கள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். முனையத்தை நகருக்கு வெளியே கொண்டுபோனது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பேருந்தை வெளியே நிறுத்தும் நாளன்றே உள்ளே வர ரயில் இருந்திருக்க வேண்டும். பறக்கும் ரயிலில் இதற்கு நேர்மாறு: கடற்கரையிலிருந்து மயிலாப்பூருக்கு 1997-இலும், வேளச்சேரிக்கு 2007-இலும் ரயில் வந்துவிட்டது, பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களின் மேல்தளங்கள் பல ஆண்டுகள் இருட்டிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிய நிலத்தில் கடையும் அலுவலகமும் வீடும் நெருங்கி வர விதி எழுத யாருமில்லை.

இந்தப் பிளவைச் சரிசெய்யத்தான் கும்டா, அதாவது சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. முதல்வர் தலைமையில் குழுமம் முதன்முதலில் கூடியதோ 2022-இல். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கொண்டுவந்து 25 ஆண்டுகளுக்கான போக்குவரத்துத் திட்டம் எழுதுவது அதன் பொறுப்பு. மெட்ரோவின் இரண்டாம் கட்டமாக சுமார் 119 கிலோமீட்டர் பாதை எழுந்துகொண்டிருக்கிறது. 63,246 கோடி ரூபாய் வேலை. நிலத்தின் திட்டமும் போக்குவரத்தின் திட்டமும் சென்னையில் ஒரே காலத்தில் மேசைக்கு வருவது இப்போதுதான். நிலையங்களைச் சுற்றி நடந்து போகும் தொலைவுக்குள் நெருக்கமாக வீடு கட்ட விடுவதும், அந்த வீடுகளில் ஒரு பகுதி சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டும் வாடகையில் கிடைக்கச் செய்வதும், நிலையத்தின் வாசலில் முதலில் நடைபாதை போடுவதும் இந்த இரண்டு குழுமங்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய விஷயங்கள். 2008 வாக்கில் எடுத்த ஆய்வின்படி சென்னைப் பயணங்களில் கால்வாசிக்கு மேல் வெறும் நடை. அந்த மக்களுக்காகச் செலவழித்த பணம் மேம்பாலங்களுக்குச் செலவழித்ததோடு ஒப்பிடும் அளவில் என்றுமே இருந்ததில்லை.

நகரின் நடுப்பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகும் ஜார்ஜ் டவுன் தளரவில்லை. காகிதம், மின்சாமான், மருந்து, பாத்திரம் என்று தெருவுக்கொரு மொத்த வியாபாரமாக அது இன்றும் தமிழ்நாட்டுக்கே சரக்கு அனுப்புகிறது. தியாகராய நகரில் 2019-இல் பாண்டி பஜாரின் நடைபாதை அகலமானது, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ஆகாய நடைபாதை 2023-இல் வந்தது. இரண்டிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் நடப்பதைப் பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் 2017-இல் அங்கே ஒரு பல மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. சுற்றிலும் இடைவெளி விடச் சொன்ன விதி ஒரு காரணத்துக்காகத்தான் எழுதப்பட்டது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. பழைய நகரத்துக்கு மொத்தத் திட்டம் போதாது. தெருத்தெருவாக எழுதும் விரிவான வளர்ச்சித் திட்டம் வேண்டும். கடைக்காரர், சுமை தூக்குபவர், நடைபாதை வியாபாரி மூவரும் அதை எழுதும்போது உட்கார்ந்திருக்க வேண்டும்.

திட்டம் கரையும் விதம்

நல்ல திட்டம் வந்துவிட்டால் போதும் என்று நம்பவும் முடியவில்லை. அது இரண்டு வழிகளில் கரைகிறது. ஒன்று, நிலப்பயன்பாட்டு மாற்றம். ஒரு சர்வே எண்ணின் உரிமையாளர் விண்ணப்பிப்பார், பத்திரிகையில் சிறிய எழுத்தில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் வராது, விவசாயம் குடியிருப்பாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக ஒரு காரணம் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் வேறொரு வரைபடம் கிடைக்கும். இன்னொன்று, அதே 1971 சட்டத்தின் 38-ஆம் பிரிவு. பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தை எடுக்க மூன்று ஆண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு விலகிவிடும். உரிமையாளரை விற்கவும் விடாமல் கட்டவும் விடாமல் காலமெல்லாம் காக்க வைப்பது அநியாயம் என்பதால் அந்தப் பிரிவு சரியானதே. அப்படியானால் ஒதுக்கும்போதே நிலம் வாங்கப் பணமும் ஒதுக்க வேண்டும். பணமில்லாமல் பச்சை நிறம் தீட்டப்பட்ட பூங்கா மூன்று ஆண்டுதான் பூங்கா.

எல்லையும் மாறியிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை அரசு 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வரை நீளும் இந்தப் பரப்பில் ஏரிப் பாசன வயல்கள் இன்னும் இருக்கின்றன, மனை விலையும் கூடவே ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் 2000-இல் தவறவிட்டது என்னவோ அதை அங்கே செய்ய இன்னும் நேரமிருக்கிறது.

சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபங்களுக்கும் கருத்துகளுக்கும் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். வெளியாகும் நாளில் உங்கள் வார்டின் வரைபடத்தைத் தேடி எடுங்கள். உங்கள் சர்வே எண்ணையும் பக்கத்து ஏரியின் எல்லையையும் சாலை விரிவாக்கக் கோட்டையும் பாருங்கள். மழைநீர் வழக்கமாக ஓடும் பாதை அதில் இருக்கிறதா என்று தெருவில் மூத்தவர்களைக் கேளுங்கள். பிழை இருந்தால் சர்வே எண், கிராமத்தின் பெயர், இப்போது உள்ள வகை, வேண்டும் மாற்றம், காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, புகைப்படம் இணைத்து, எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சிஎம்டிஏ அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தனியாளாக முடியாவிட்டால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுங்கள்.