உழைத்த நாள் ஏட்டில் உண்டா?

பட்டாளத்திலே சேரப்போகும் இளைஞனை அளந்து பார்க்கிறார்கள். உயரம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, ஓட்டம் எப்படி, கண் எப்படி! ஓரங்குலம் குறைந்தாலும் "போய் வா தம்பி" என்கிறார்கள். சேரும்போது அங்குலக் கணக்குப் பார்க்கும் சர்க்கார், திரும்பும்போது ஆண்டுக் கணக்கிலே தவறிவிட்டால்? பனியிலே நின்றவன், மணலிலே வெந்தவன், அந்தத் தவறுக்குத் தலைவணங்கிப் போவதா?

தோழர்களே! சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும். சேர்ந்த நாள் முதல், பயிற்சிக் காலமும் உள்பட, விலகும் நாள் வரை உள்ளதே கணக்கு. சொல்லாமல் போன நாள், தண்டனையிலே கழித்த நாள் போன்றவற்றைக் கழிக்கிறார்கள். அந்தக் கழித்தலிலேதான் கண் வேண்டும்!

ஒருவன் 17 ஆண்டு 3 மாதம் பணியாற்றினான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அரையாண்டாக எண்ணவேண்டும் என்பது விதி. ஆகவே அவனுக்குப் பதினேழரை ஆண்டு. முறைப்படி விடுப்பு வாங்கிச் சென்ற ஐந்து நாளை, 'சொல்லாமல் போன நாள்' என்று எழுத்தர் குறித்துவிட்டால் என்ன ஆகும்? 17 ஆண்டு 2 மாதம் 25 நாள்! பதினேழரை பதினேழாகச் சுருங்கிவிடும். தாளிலே தவறியது ஐந்து நாள். வாழ்விலே பறிபோனது அரையாண்டு!

அரையாண்டுதானே என்பீர்களா? பணிக்கொடை, ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது. அந்தக் கால் போயிற்று. 2014 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டமும், பதவியோடு பணியாண்டையும் பார்த்தே தொகை குறிக்கிறது. கீழ்ப்படியிலே எழுதப்பட்டவன், மாதாமாதம் குறைந்த தொகையை வாங்க நேரிடும்.

15 ஆண்டுக்குச் சற்றே குறைந்தவர் நிலை இன்னும் கொடிது. குறை 12 மாதம் வரை இருந்தால் அதனைப் பொறுத்து ஓய்வூதியம் வழங்க, 2001 ஆகஸ்டு 14 ஆணை இடமளிக்கிறது. ஆனால் அது மனுப் போட்டுக் கேட்டுப் பெறும் சலுகை. உழைத்த நாளெல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தால், அது உரிமை! உரிமையை நழுவவிட்டுச் சலுகைக்குக் கையேந்துவானேன்?

ஆகவே, விலகும் முன்பே பாருங்கள். சேர்ந்த தேதி, விலகும் தேதி, கழிக்கப்பட்ட நாட்கள், பதவி, மனைவியின் பெயர் — இந்த ஐந்தையும் பணி விடுவிப்பு ஏட்டிலும் ஓய்வூதிய ஆணையிலும் ஒப்பிடுங்கள். பிழையிருந்தால், பணமளிக்கும் பாங்கிலே பேசிப் பயனில்லை. பணி ஏட்டை வைத்திருப்பது படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகம்; மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெல்லிங்டனிலே இருக்கிறது. அங்கே எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், திருத்த ஆணை கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். மறுத்தால், 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலும் உண்டு.

"பிறகு பார்ப்போம்" என்று மட்டும் இராதீர்கள்! 1983இல் உடல்நலக் காரணத்தால் பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்ட தர்செம் சிங், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு 1999இல்தான் வழக்காடினார். 2008இல் உச்சநீதிமன்றம், மாதாமாதம் தொடரும் குறை என்பதால் காலங்கடந்தும் கேட்கலாம் என்றது. ஆனால் பாக்கித்தொகை? வழக்குக்கு முந்திய மூன்றாண்டுக்கு மட்டுமே! மற்ற ஆண்டுகள் போனது போனதுதான்.

உங்கள் தெருவிலே ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருப்பார். பெட்டியடியிலே அவர் ஏடு தூங்கிக்கொண்டிருக்கும். படிக்கத் தெரிந்த தோழன் இன்று மாலையே போய், அதை எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டட்டும். அவர் கேட்பது பிச்சையல்ல, நாட்டுக்குத் தந்த நாட்களின் கணக்கு. அதிலே ஒரு நாளும் குறையக்கூடாது!